உறைபனியில் தற்சமநிலை ஸ்கூட்டர்: எந்தத் தரைக்கு எந்த டயர், எந்த வண்டி?

குளிர்காலம் வந்துவிட்டது என்பதற்காக வண்டியை மூலையில் நிறுத்த மனம் வராதவர்கள் முதலில் கேட்பது இதுதான்: “பனிக்கட்டியில் ஓட்ட எது நல்லது? செக்வேயா, மின்சார ஒற்றைச் சக்கரமா, ஒன்வீலா?” மூன்றுமே நின்றபடி ஓட்டும், தானே சமநிலை காக்கும் மின்சார வண்டிகள்: செக்வேயில் கைப்பிடியும் அருகருகே இரண்டு சக்கரமும், ஒற்றைச் சக்கரத்தில் இரு பாதங்களுக்கும் நடுவே ஒரு சக்கரம், ஒன்வீலில் ஒரு பலகையின் நடுவே ஒரு சக்கரம். இந்தக் கேள்விக்கு நேராக ஒரு வண்டியின் பெயரைப் பதிலாகச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. நீங்கள் ஓட்டப்போகும் தரை எப்படிப்பட்டது என்பதுதான் முதல் கேள்வி. அந்தத் தரையைப் பிடிக்கும் டயர் எது என்பது இரண்டாவது. அந்த டயரை மாட்ட இடம் கொடுக்கும் வண்டி எது என்பது மூன்றாவதாகத்தான் வரும். வண்டியை முதலில் வாங்கிவிட்டு அதற்கு டயர் தேடுகிறவர்கள், கடைசியில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு பனியில் இறங்குகிறார்கள். பல விழுகைகளுக்கு அதுவே காரணம்.

இந்த வரிசையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சைக்கிளோ மோட்டார்சைக்கிளோ பனியில் பிடிப்பை இழந்தால் வண்டி வழுக்கும். காலை ஊன்றியோ கைப்பிடியைத் திருப்பியோ சில நேரம் தப்பலாம். தானே சமநிலை காக்கும் வண்டியில் வேகம் கூட்டுவது, நிறுத்துவது, நம்மை நிமிர்த்தி நிற்கவைப்பது ஆகிய மூன்று வேலைகளையும் அதே மோட்டார், அதே டயர் வழியாகத்தான் செய்கிறது. உள்ளங்கையில் ஒரு கம்பைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: கம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கை ஓடிப்போய் அடியைத் தாங்க வேண்டும். செக்வே, ஒற்றைச் சக்கரம், ஒன்வீல் எல்லாம் செய்வது அதையேதான். நாம் முன்னே சாய்ந்தால் சக்கரம் முன்னே ஓடி நம் எடைக்குக் கீழே வந்து நிற்கிறது. சக்கரம் தரையைப் பிடித்தால்தான் அப்படி ஓட முடியும். பிடிப்பு போனால் வண்டி வழுக்குவதோடு நிற்பதில்லை, நம்மைத் தாங்கி நின்றதே போய்விடுகிறது.

இதை எண்ணில் பார்த்தால் தெளிவாகும். காய்ந்த தார்ச்சாலையில் ரப்பரின் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவு, ஏறத்தாழ 0.7. அழுத்தி இறுகிய பனியில் அது 0.2, 0.3 என்ற அளவுக்கு இறங்குகிறது. வழவழப்பான பனிக்கட்டியில் சாதாரண டயருக்கு 0.1 கிடைத்தாலே பெரிது. உருகத் தொடங்கி மேலே நீர்ப்படலம் நிற்கும் கட்டியில் அதற்கும் கீழே. உராய்வு 0.7 இருந்தால் வேகம் கூட்டும்போதோ நிறுத்தும்போதோ உடலும் வண்டியும் சேர்ந்து 35 டிகிரி வரை சாயலாம். அவ்வளவு சாய்வதற்கு முன்பே மோட்டாரின் வலிமை தீர்ந்துவிடும். 0.3 என்றால் 17 டிகிரி. 0.1 என்றால் 6 டிகிரிக்கும் குறைவு. அந்த ஆறு டிகிரியைத் தாண்டிச் சாய்ந்தால் எப்பேர்ப்பட்ட மோட்டாராலும் நம்மை மீட்க முடியாது, ஏனென்றால் தரை அதற்கு உதைத்தள்ள இடம் கொடுப்பதில்லை. அதிக வாட் மோட்டார் வாங்கினால் பனியில் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நிறுத்தத் தேவையான தூரம் காய்ந்த சாலையில் இரண்டே கால் மீட்டர். 0.3 உராய்வில் ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். 0.1-ல் கிட்டத்தட்ட 16 மீட்டர், அதுவும் கொஞ்சமும் வழுக்காமல் எல்லையிலேயே பிரேக் பிடித்தால். அதே வேகத்தில் வளைந்து திரும்ப 0.1 உராய்வில் 31 மீட்டர் ஆரம் வேண்டும். எந்த நடைபாதையும் அவ்வளவு அகலம் இல்லை. வேகத்தைப் பாதியாக, 10 கிலோமீட்டராகக் குறைத்தால் நிறுத்தும் தூரம் நான்கு மீட்டருக்கும், திரும்பும் ஆரம் எட்டு மீட்டருக்கும் வந்துவிடும். பனியில் எந்தக் கருவியை விடவும் மெதுவாகப் போவதுதான் அதிகம் காப்பாற்றும்.

பனிக்கட்டி ஏமாற்றும் விதம் ஒன்று உண்டு. ஒரே வேகத்தில் நேராகப் போகும்போது வண்டிக்குச் சாய்வு ஏறத்தாழத் தேவையே இல்லை. அதனால் எந்த டயரிலும், எந்த வண்டியிலும், உறைந்த ஏரியின் மேல் நேராக நூறு மீட்டர் போய்விடலாம். “பரவாயில்லையே, நன்றாகத்தானே போகிறது” என்று தோன்றும். நிறுத்த வேண்டி வரும்போதுதான் உண்மை தெரியும். ஆகவே டயரைச் சோதிப்பவர்கள் போவதைச் சோதிக்காமல் நிற்பதைச் சோதிக்க வேண்டும், அதுவும் நடக்கும் வேகத்தில்.

தரை

பனி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர, ஓட்டுபவருக்கு அது நான்கைந்து வெவ்வேறு தரை. கடுங்குளிரில் காய்ந்து கிடக்கும் கட்டி, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நீர் மினுங்கும் கட்டியைவிட எவ்வளவோ பிடிப்பானது. மைனஸ் 15-ல் நம்பி ஓட்டிய பாதை, மறுநாள் பூஜ்யத்துக்கு அருகே வெப்பநிலை ஏறியதும் ஆளே மாறியிருக்கும். ஆட்களும் வண்டிகளும் மிதித்து இறுகிய பனியில், பட்டன் போன்ற ரப்பர் மேடுகள் கொண்ட பட்டன் டயர் நன்றாகவே வேலை செய்யும். உப்பு போட்டு அரைகுறையாக உருகிய சேற்றுப்பனி டயரின் பள்ளங்களை அடைத்துவிடும். பகலில் உருகி இரவில் உறைந்த காலடித் தடங்களும் சக்கரத் தடங்களும் கல்போல இறுகி டயரின் திசையைத் தாங்களே முடிவு செய்யும். இவை எல்லாவற்றையும் விட மோசமானது தார்ச்சாலை மேல் கண்ணுக்குத் தெரியாமல் படியும் மெல்லிய கண்ணாடிப் பனி. ஈரமான சாலை என்று நினைத்துத்தான் அதன் மேல் ஏறுவோம்.

உங்கள் வழியில் இவற்றுள் எது அதிகம் என்று ஒரு வாரம் நடந்தே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டயர் முடிவு பாதி அதிலேயே ஆகிவிடும்.

டயர்

முதல் தேர்வு, இருக்கும் பட்டன் டயரையே வைத்துக்கொண்டு காற்றைக் குறைப்பது. இறுகிய பனிக்கும் புதுப்பனிக்கும் இது போதும். பட்டன்களின் விளிம்பு பனியைக் கடிக்கும், குறைந்த காற்று தரையோடு படும் பரப்பைக் கூட்டும். கட்டியான பனியில் மட்டும் இதனால் பயன் இல்லை. பட்டனின் விளிம்பு கண்ணாடியைக் கடிக்க முடியாதல்லவா? அதோடு, கடினமான ரப்பரில் வார்த்த மலைப்பாதை டயர்கள் குளிரில் இன்னும் விறைத்துப்போகும். காற்றைக் குறைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: வீட்டுக்குள் 20 டிகிரியில் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்த டயர், மைனஸ் 15-ல் தானாகவே ஏறத்தாழ 25-க்கு இறங்கிவிடும். 4 பிஎஸ்ஐ போன்ற மிகக் குறைந்த காற்றில் ஓடும் அகல டயர் என்றால் 2-க்கும் கீழே போய்விடும். சக்கரத்தின் உலோக விளிம்பிலிருந்து (ரிம்) டயர் கழன்று வரும் அபாயம் அங்கே உண்மையானது. காற்றை வெளியே, குளிரில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இரண்டாவது, ஆணி இல்லாத குளிர்கால டயர். சிலிகா கலந்த, குளிரிலும் மென்மை குறையாத ரப்பர். பட்டன்களில் கத்தியால் கீறினாற்போல் நுண்ணிய வெட்டுகள். கார்களுக்கு இந்த வகை டயர்களின் வரலாறு நீளமானது. பின்லாந்தின் நோக்கியா ஆலை 1934-லேயே லாரிகளுக்குக் குளிர்கால டயர் செய்தது, 1936-ல் கார்களுக்கான ஹக்கபெலிட்டா வந்தது. நம் சின்ன வண்டிகளுக்கோ தேர்வு மிகக் குறைவு. 12, 14 அங்குல ரிம் கொண்ட பெரிய ஒற்றைச் சக்கர மாடல்கள் மொபெட், ஸ்கூட்டர் டயரை ஏற்கும். ஜெர்மனியின் ஹைடெனாவ் போன்ற நிறுவனங்கள் ஸ்கூட்டர்களுக்குக் குளிர்கால ரப்பர் டயர்கள் செய்கின்றன. ஈரத் தார், இறுகிய பனி, கொஞ்சம் கட்டி என்று எல்லாம் கலந்த நகரப் பாதைக்கு இதுவே அறிவார்ந்த தேர்வு. முழுக் கட்டியில் இதுவும் ஆணிக்கு ஈடாகாது. சாதாரண டயரைவிட மேல், அவ்வளவுதான்.

மூன்றாவது, ஆலையிலேயே ஆணி பதித்த டயர். உண்மையான பனிக்கட்டியில் ஓட்டுவது என்று முடிவெடுத்தவர்களுக்கு வேறு வழி இல்லை என்றே சொல்வேன். ஆணியின் முனை மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடாக இருக்க வேண்டும். வெறும் இரும்பு முனை தார்ச்சாலையில் சில நாள் ஓடியதும் மழுங்கிவிடும். சைக்கிள் உலகில் இந்த டயர்கள் நன்றாக வளர்ந்தவை. ஹக்கபெலிட்டா டபிள்யூ106, டபிள்யூ240 என்ற டயர்களின் பெயரிலேயே ஆணிகளின் எண்ணிக்கை இருக்கிறது. முதலாவதில் இரண்டு வரிசை, நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி. காற்றை நன்றாக அடித்தால் ஆணிகள் தரையில் அதிகம் படாது, காற்றைக் குறைத்தால் படும். சைக்கிளுக்கு இது அருமையான ஏற்பாடு.

ஆனால் தற்சமநிலை வண்டிக்கு இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சைக்கிள்காரர் பயப்படுவது பக்கவாட்டில் வழுக்குவதை, குறிப்பாக முன்சக்கரம் வளைவில் வழுக்குவதை. நமக்கு அதற்கும் மேலாக முன்பின் பிடிப்புதான் உயிர். ஒற்றைச் சக்கரம் நேராகப் போகும்போது டயரின் நடுக்கோடு மட்டுமே தரையைத் தொடுகிறது. ஆகவே நடுவில் ஆணி வரிசை இல்லாத டயர், நாம் பிரேக் பிடிக்கும் அந்தக் கணத்தில் ஆணியே இல்லாத டயராகத்தான் நடந்துகொள்ளும். நடுவில் அடர்ந்த வரிசை, பக்கங்களில் வளைவுக்காக ஒவ்வொரு வரிசை: ஒற்றைச் சக்கரத்துக்கு ஆணி டயர் வாங்கினாலும் நீங்களே பதித்தாலும் இந்த அமைப்பையே தேடுங்கள்.

நீங்களே பதிப்பதுதான் நான்காவது வழி. 16, 18 அங்குல ஒற்றைச் சக்கரங்களுக்கு ஆலை ஆணி டயர் கிடைப்பது கடினம் என்பதால் பலரும் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். திருகிப் பதிக்கும் கார்பைடு ஆணிகள் தனியாகக் கிடைக்கின்றன. தடித்த பட்டன் உள்ள டயரில், பட்டனின் நடுவில் திருகி இறக்க வேண்டும். பட்டனின் உயரமும் அதற்கு அடியில் உள்ள ரப்பரின் தடிமனும் சேர்ந்ததைவிட ஆணியின் திருகுப் பகுதி குட்டையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் டியூபைக் குத்தும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் நீண்டால் ஆணி வளைந்து பட்டனைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். உள்ளிருந்து வெளியே இரும்புத் திருகாணியைக் குத்தி, பழைய டியூபை மெத்தையாக வைத்து ஓட்டும் முறையும் இருக்கிறது. உடம்பையே டயர் தாங்கி நிற்கும் வண்டியில் அதைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஓட்டத்தின் நடுவே திடீரென்று காற்றுப் போவது செக்வேயில் தடுமாற்றம், ஒற்றைச் சக்கரத்தில் விழுகை.

ஆணிகளைப் பதித்ததும் ஓடிப்போய்ப் பனியில் இறங்க வேண்டாம். ஆலை டயரோ சொந்த வேலையோ, முதல் 40, 50 கிலோமீட்டர் வேகமும் வெட்டுப் பிரேக்கும் இல்லாமல் மென்மையாக ஓட்டினால்தான் ஆணிகள் ரப்பரில் நன்றாக உட்காரும்.

பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை டயர் சுற்றிலும் கட்டுவதும், சின்னச் சங்கிலி போடுவதும் ஐந்தாவது வழி என்று சொல்லப்படுகிறது. செக்வேயின் திறந்த சக்கரத்தில் மட்டும் இதற்கு இடம் உண்டு. கட்டுப்பட்டை புதுப்பனியில் கொஞ்ச தூரம் உதவும், கட்டியில் உதவாது, அறுந்து விழும். சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் சக்கரத்தை உலுக்கும். அந்த உலுக்கலைச் சாய்வு என்று எடுத்துக்கொண்டு வண்டி சரிசெய்யப் பார்க்கும்.

ஆணி டயரின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெறும் தார்ச்சாலையில் கார்பைடு முனை ரப்பரைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொள்வதால் பிடிப்பு குறைகிறது, சத்தம் போடுகிறது, தேய்கிறது. இரும்பு மூடி, தண்டவாளம், பளபளக்கும் ஓடு பதித்த தளம் இவற்றில் ஆணி டயர் பனியில் சாதாரண டயர் போல வழுக்கும். சில நாடுகளில் ஆணி டயருக்குப் பருவக் கட்டுப்பாடும் தடையும் இருப்பதால் உள்ளூர் விதியைப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். வழியில் பத்தில் எட்டுப் பங்கு வெறும் தார் என்றால் ஆணியை விட்டு இரண்டாவது தேர்வுக்குப் போங்கள்.

வண்டி

செக்வே பிடி (PT) என்ற அசல் மாடல் 2001 டிசம்பரில் அறிமுகமாகி 2020-ல் உற்பத்தி நின்றது. இன்று வாங்கினால் பழையது, அல்லது அதைப் போலச் செய்யப்பட்ட வேறு நிறுவன வண்டி. பனியில் அதன் பெரிய பலம் இரண்டு சக்கரமும் அருகருகே இருப்பது. பக்கவாட்டில் அது தானாகவே நிற்கும், நாம் பார்க்க வேண்டியது முன்பின் சமநிலை மட்டும். இரட்டை மின்கலம், மோட்டாருக்குள் இரட்டைச் சுற்று என்று ஒன்று பழுதானாலும் மற்றொன்று தாங்கும் அமைப்பு அதில் உண்டு. பெரும்பாலான ஒற்றைச் சக்கரங்களில் அது கிடையாது. எக்ஸ்2 மாடல் அகலமான, குறைந்த காற்றுள்ள டயர்களோடு வந்தது. புதுப்பனியிலும் இறுகிய பனியிலும் அது நிதானமாகப் போகும் அழகே தனி. அதற்கு விலை மின்கலத்தில்: சாதாரண டயருள்ள ஐ2 மாடல் ஒரு சார்ஜில் 38 கிலோமீட்டர் வரை என்றால் எக்ஸ்2-க்கு 19 என்றே நிறுவனம் சொன்னது. குளிரில் அதுவும் சுருங்கும்.

செக்வேயின் பலவீனம், ஒரு சக்கரம் கட்டியிலும் மற்றது தாரிலும் இருக்கும் நிலை. பிடித்த சக்கரம் ஓட, பிடிக்காதது சுழல, வண்டி ஒரு பக்கமாகத் திரும்பும். பக்கச் சரிவான பாதையில் முழு வண்டியும் குறுக்கே வழுக்கி இறங்கும். எடை 50 கிலோ அளவில் இருப்பதால் வழுக்கத் தொடங்கியதை நம் கையால் பிடித்து நிறுத்த முடியாது. ஆணி பதிப்பவர்கள் இங்கே இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: நம் எடை இரண்டு டயருக்குப் பிரிவதால் ஒவ்வோர் ஆணிக்கும் கிடைக்கும் அழுத்தம் குறைவு. கடினமான கட்டியில் ஆணிகளை நெருக்கிப் பதித்தால் எதுவும் ஆழமாகக் குத்தாது.

ஒற்றைச் சக்கரத்தில் இது தலைகீழ். முழு எடையும் ஒரு டயரின் ஒரு சிறு பரப்பில் இறங்குவதால் ஆணி கட்டியில் அழுந்திப் பிடிக்கும். நல்ல ஆணி டயர் மாட்டிய 16 அல்லது 18 அங்குல ஒற்றைச் சக்கரம், சுத்தமான ஏரிக்கட்டியில் மற்ற எல்லா வண்டிகளையும் விட நம்பகமாக நிற்கும் என்பது என் முடிவு. அது பக்கவாட்டில் வழுக்கினால் மீட்சி இல்லை என்பதும் அதே அளவு உண்மை. உறைந்த சக்கரத் தடத்தின் விளிம்பில் டயர் ஏறி வழுக்கினால் கீழேதான். தடங்கள் நிறைந்த பாதைக்கு ஒற்றைச் சக்கரம் வேண்டாம்.

ஒற்றைச் சக்கரத்தில் டயரைச் சுற்றி உறை இருக்கிறது. பல மாடல்களில் டயருக்கும் உறைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். ஆணி பதித்ததும் மின்சாரம் இல்லாமல் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், டயரைப் பக்கவாட்டில் அழுத்தியும் பாருங்கள். எங்காவது உரசினால் அந்த டயர் அந்த வண்டிக்கு இல்லை. அந்த இடைவெளியில்தான் பனியும் சேரும். ஓடும்போது சுற்றிக்கொண்டே இருக்கும் ஈரப்பனி, பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் உறைந்து டயரையும் உறையையும் ஒட்டிவிடும். மறுபடி ஏறும் முன் சக்கரத்தை அசைத்து விடுவிக்காமல் கால் வைத்தால் முதல் சாய்விலேயே மோட்டார் திணறும்.

வழுக்கும்போது இந்த வண்டிகளின் மூளை என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டிக்குத் தெரிந்த வேகம் சக்கரத்தின் வேகம் மட்டுமே, தரையில் நாம் போகும் வேகம் அதற்குத் தெரியாது. பிடிப்பு போய்ச் சக்கரம் வெறுமனே சுழன்றால், உச்ச வேகத்தை எட்டிவிட்டோம் என்று எண்ணி எச்சரிக்கை ஒலி எழுப்பும், பாதப்பலகையைப் பின்னே சாய்க்கும், சில மாடல்கள் மோட்டாரையே துண்டிக்கும். சுழன்ற சக்கரம் திடீரென்று ஒரு தார்த் திட்டைப் பிடித்தால் வண்டி நம் காலடியிலிருந்து பாய்ந்து போய்விடும். வழுக்கலைச் சாய்ந்து சரிசெய்ய முயலாதீர்கள். உடலை நேராக்கி, முழங்காலை மடக்கி, வேகம் தானாகக் குறைய விடுவதே வழி.

ஒன்வீல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோ-கார்ட் டயர் போன்ற அகலமான, தட்டையான 11 அங்குலச் சொச்ச டயர். புதுப்பனியில் மிதந்து போகும், அந்த இன்பத்துக்காகவே சிலர் அதை வைத்திருக்கிறார்கள். கட்டியில் தட்டை டயருக்கு விளிம்பே கிடையாது. அதன் எல்லையைத் தாண்டி முன்னே அழுத்தினால் பலகையின் முன்முனை தரையில் மோதும் என்பது தெரிந்ததே. 2019 முதல் 2021 வரை நடந்த நான்கு மரணங்களைக் குறிப்பிட்டு, 2023-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் அதைத் தயாரிக்கும் நிறுவனமும் ஏறத்தாழ 3 லட்சம் வண்டிகளுக்குத் திரும்பப்பெறல் அறிவித்தன. குளிர்ந்த மின்கலத்தில் அந்த எல்லை இன்னும் முன்னதாகவே வந்துவிடும். மென்பனிக்கு ஒன்வீல் சரி, கட்டிக்கு வேண்டாம். ஆறரை அங்குலத் திட ரப்பர் சக்கரம் கொண்ட ஹோவர்போர்டு இந்த ஒப்பீட்டுக்குள் வரவே தகுதியில்லை. காற்றடித்த டயருள்ள நைன்போட் எஸ் போன்ற சிறிய இருசக்கர வண்டிகள் இறுகிய பனியில் நடை வேகத்துக்கு ஒப்பேறும்.

மின்கலமும் காலணியும்

லித்தியம் மின்கலம் குளிரில் உள்தடை கூடி, வேண்டிய நேரத்தில் வேண்டிய மின்னோட்டத்தைத் தராமல் போகும். மைனஸ் 10-க்குக் கீழே வழக்கமான தூரத்தில் பாதி என்று கணக்கிட்டுப் புறப்படுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் மின்கலத்தைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரக் கெடுதல் ஆகும். வீட்டுக்குள் கொண்டுவந்து சில மணி நேரம் விட்டு, வண்டியில் படியும் ஈரம் காய்ந்த பிறகே சார்ஜரை மாட்ட வேண்டும். இதே காரணத்தால், முழுச் சார்ஜோடு குளிரில் நீண்ட இறக்கத்தில் இறங்குவதும் ஆகாது: பிரேக்கில் திரும்பி வரும் மின்சாரத்தை மின்கலம் வாங்கிக்கொள்ள முடியாமல் வண்டி எச்சரிக்கும். உப்பு கலந்த சேற்றில் ஓட்டினால் அன்றே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பேரிங்கும் மின்தொடர்பும் உப்பில் வேகமாக அரிக்கும்.

டயருக்கு இவ்வளவு செலவழித்துவிட்டுச் சாதாரணக் காலணியோடு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறும். ஏறும்போதும் இறங்கும்போதும் தரையில் ஊன்றுவது நம் கால். ஆணி டயர் உறுதியாக நிற்க, ஊன்றிய கால் வழுக்கி விழுவது அடிக்கடி நடக்கிறது. சிறிய கார்பைடு முனைகள் ரப்பரில் பதிந்த காலணி நல்லது. நீளமான இரும்புப் பற்கள் உள்ளவை பாதப்பலகையின் உலோகத்தில் வழுக்கும். பனியில் பின்புறமாக விழுவது அதிகம் என்பதால் தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு இவற்றோடு இடுப்புக்கும் பஞ்சு வைத்த காற்சட்டை தேவை.

எதைத் தேர்ந்தெடுப்பது

தினசரி வேலைக்குப் போகும் வழி, பாதி தார், பாதி சேற்றுப்பனி, அங்கங்கே கண்ணாடிப் பனி என்று இருந்தால் என் பதில்: வண்டியே வேண்டாம். இந்தக் கலவைக்கு முழுதாகப் பொருந்தும் டயர் கிடையாது, பக்கத்தில் கார்களும் ஓடும். காலணி ஆணிகளோடு நடப்பதும், நார்டிக் நாடுகளில் வயதானவர்களும் நம்பிக்கையோடு ஒரு காலால் உதைத்துத் தள்ளிப்போகும் உதைசறுக்கு வண்டியும் அங்கே மேலானவை. அந்த வண்டியில் தடுமாறினால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது, மின்கலமும் இல்லை. விடமாட்டேன் என்பவர்கள் குளிர்கால ரப்பர் டயர் மாட்டிய ஒற்றைச் சக்கரத்தில், 10 கிலோமீட்டர் வேகத்துக்குள், நல்ல வெளிச்சத்தில் மட்டும் போங்கள்.

பூங்கா, வயல்வெளி, மிதித்து இறுகிய பனிப்பாதை என்றால் அகல டயர் செக்வே. ஆணி தேவையில்லை, காற்றைக் குளிரில் அளந்து சரியாக வைத்தால் போதும். புதிதாகக் கற்றுக்கொள்பவரையும் இதில் நம்பி ஏற்றலாம்.

உறைந்த ஏரியே உங்கள் ஆசை என்றால் நடுவரிசை ஆணி டயர் மாட்டிய ஒற்றைச் சக்கரம். பரந்த, தடையில்லாத, ஒரே சீரான தரையில் இந்த வண்டி தரும் விடுதலை வேறெங்கும் கிடைக்காது. அதற்காகவே இவ்வளவு பாடும் படலாம். ஆனால் கட்டியின் தடிமனை அளக்காமல் இறங்கக் கூடாது. தெளிவான, புதிய கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் இருந்தால்தான் ஆள் நடக்கவே பாதுகாப்பு என்பது பொதுவான வழிகாட்டுதல். வெண்மையான, பனி கலந்த கட்டிக்கு வலிமை பாதிதான் என்பதால் அதன் தடிமன் இருமடங்கு வேண்டும். வண்டியின் எடை உங்கள் எடையோடு சேர்கிறது. ஓடை வந்து சேரும் இடம், பாலத்தின் அடி, நாணல் ஓரம், பனி மூடி வெப்பம் காத்த திட்டு இவற்றில் கட்டி மெலிந்திருக்கும், வேகமாகப் போகும் உங்களுக்கு அதைப் பார்க்க நேரமும் குறைவு. கழுத்தில் பனிக்குத்தி, அதாவது கட்டியில் குத்திப் பிடித்து ஏற உதவும் கூர்முனைக் கைப்பிடி, ஒரு ஜோடி தொங்கட்டும், கூட வருபவரிடம் எறிகயிறு இருக்கட்டும். கட்டி உடைந்து உள்ளே விழுந்தால் வண்டியைக் கைவிட்டுவிடுங்கள். வந்த திசையில்தான் உங்களைத் தாங்கிய கட்டி இருக்கிறது, அந்தப் பக்கம் திரும்பிக் குத்திகளை ஊன்றி, கால்களை உதைத்து, வயிற்றால் ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டே கரையை நோக்கி விலகுங்கள்.